‘ரன்’: ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லும் அதன் நூற்றுக்கணக்கான பொருள்களும்

ஆங்கிலச் செய்திகளைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இப்படிப்பட்ட வாக்கியங்கள் கிடைக்கும்: ‘அவர் அதிபருக்காக ஓடுகிறார்’, ‘வங்கியின் மீது ஓட்டம்’, ‘நாங்கள் பாலுக்கு வெளியே ஓடினோம்’, ‘மூக்கு ஓடுகிறது’. நான்குக்கும் மூலத்தில் இருப்பது ‘ரன்’ என்ற ஒரே சொல். நான்கிலும் யாரும் எங்கும் ஓடவில்லை. முதலாமவர் தேர்தலில் போட்டியிடுகிறார். இரண்டாவதில், பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அதைத் திரும்ப எடுக்க முண்டியடிக்கிறார்கள். மூன்றாவதில் பால் தீர்ந்துவிட்டது. நான்காவது வெறும் சளி.

1989இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற வினைக்குரியது; 430க்கும் மேற்பட்ட பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம். அடுத்த பதிப்புக்கான திருத்தப் பணியில் 2011இல் ‘ரன்’ அதை முந்தியது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். பெயர்ச்சொல்லாக வருபவை இதில் சேரவில்லை.

645ஐயும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும்தான். அவர்கள் பொருளை அச்சொல்லிலிருந்து எடுப்பதில்லை. அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் சொற்களிலிருந்து எடுக்கிறார்கள். அந்த அக்கம்பக்கத்தை எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்தால் பெரும்பாலான குழப்பம் தீரும்.

இத்தனை பொருள் எப்படி வந்தது?

இரண்டு காரணங்கள் முக்கியமானவை.

முதலாவது, ‘ரன்’ என்பது உண்மையில் இரண்டு சொற்களின் கலவை. பழைய ஆங்கிலத்தில் தானே ஓடுவதற்கு ஒரு வினையும், இன்னொன்றை ஓடச் செய்வதற்கு வேறொரு வினையும் இருந்தன. தமிழில் ‘ஓடு’, ‘ஓட்டு’ என்று இருப்பதைப் போல. பிற்காலத்தில் அந்த இரண்டும் ஒரே வடிவத்தில் கரைந்துவிட்டன. ‘குதிரை ஓடியது’ என்பதற்கும் ‘குதிரையை ஓட்டினான்’ என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் போதும். தன்வினையையும் பிறவினையையும் சொல்லின் வடிவிலேயே பிரித்துப் பழகிய நமக்கு முதல் சறுக்கல் இங்கேதான்.

இரண்டாவது, இயந்திர யுகம். கடிகாரம், ஆலை, நீராவி எஞ்சின், ரயில், மின்மோட்டார், கடைசியில் கணினி நிரல் வரை, வந்த புதுக்கருவிக்கெல்லாம் ஆங்கிலம் புது வினை தேடவில்லை. இருந்த ‘ரன்’னையே கொடுத்தது. கருவி பெருகப் பெருக, கருவியை இயக்குபவர், அது தின்னும் எரிபொருள், அது வேலை செய்யும் கால அளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளைப்பொருள் முளைத்தது.

தமிழ் வாசகருக்கு ஒரு சாதகம் உண்டு. படம் ஓடுகிறது, தண்ணீர் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, நாள் ஓடுகிறது, வண்டியை ஓட்டுகிறோம், குடும்பத்தையே ஓட்டுகிறோம். பாதிப் பொருள்கள் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. சிக்கலெல்லாம் மீதிப் பாதியில்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

வாக்கியத்தில் ‘ரன்’ வந்தால் இந்த வரிசையில் பார்க்க வேண்டும்:

1. அதை ஒட்டி ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’, ‘டவுன்’, ‘ஃபார்’, ‘ஆன்’ போன்ற ஒட்டுச்சொல் ஏதேனும் வருகிறதா? வந்தால் பெரும்பாலும் அதுவே பொருளைத் தீர்மானிக்கும்.
2. ஒட்டுச்சொல் இல்லையென்றால், செயப்படுபொருள் உண்டா? இருந்தால் ‘ஓட்டு, நடத்து, இயக்கு’ என்ற பக்கம் தேட வேண்டும்.
3. செயப்படுபொருளும் இல்லையென்றால், எழுவாய் எது? ஆளா, நீரா, இயந்திரமா, சாலையா, காலமா?

இந்த வரிசை முக்கியம். எழுவாயிலிருந்து தொடங்குபவர்கள்தான் ‘பாலுக்கு வெளியே ஓடினோம்’ என்பதில் போய் முடிகிறார்கள். விளக்கத்துக்கு மட்டும், எளிதான கடைசிக் கேள்வியிலிருந்து பின்னோக்கிப் போகலாம்.

எழுவாய் மாறினால் பொருள் மாறும்

நீர்மம் எழுவாயானால் ‘ரன்’ என்பது வழிதல் அல்லது பாய்தல்: ஆறு பாய்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, துவைக்கும்போது துணியின் சாயம் பரவுகிறது.

இயந்திரமானால் இயங்குதல். இதில் கவனிக்க வேண்டியது, இயங்குவதும் நகர்வதும் ஒன்றல்ல. ‘தி கார் இஸ் ரன்னிங்’ என்றால் கார் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருளல்ல. எஞ்சின் அணைக்கப்படவில்லை என்பதே பொருள். கார் நின்ற இடத்திலேயே இருக்கலாம். எஞ்சின் ‘ரன்னிங்’ நிலையில் இருக்கும்போது மூடியைத் திறக்காதே என்று கையேடு எச்சரிப்பதை, வண்டி ஓடும்போது திறக்காதே என்று புரிந்துகொண்டால் கை போய்விடும்.

பேருந்து, ரயில் ஆகியவை எழுவாயாக வந்து வினை சாதாரண நிகழ்காலத்தில் இருந்தால் அது கால அட்டவணை. ‘தி பஸ் ரன்ஸ் எவ்ரி டென் மினிட்ஸ்’ என்பது, 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து உண்டு என்ற தகவல்.

சாலை, வேலி, மலைத்தொடர், நாட்டு எல்லை போன்றவை எழுவாயானால் அசைவே இல்லை. நீண்டு கிடப்பதைத்தான் சொல்கிறார்கள். தமிழில் ‘சாலை ஆற்றோரமாகப் போகிறது’ என்கிறோமே, அதே கற்பனை அசைவு. ஆனால் ஒரு வேறுபாடு. ‘தி ரோட் ரன்ஸ் அலாங் தி ரிவர்’ சரி. ‘தி ரோட் இஸ் ரன்னிங் அலாங் தி ரிவர்’ பிழை. தமிழில் ‘போகிறது’ என்ற ஒரே வடிவம் இரண்டு வேலையையும் செய்வதால், ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் இங்கே ‘இங்’ சேர்த்துவிடுகிறார்கள். நிலையான அமைப்பைச் சொல்லும்போது அது வராது.

ஒப்பந்தம், குத்தகை, நாடகம், திருவிழா போன்றவை எழுவாயானால் நீடித்தல் அல்லது நடப்பில் இருத்தல். அறிக்கையோ புத்தகமோ வந்து பின்னால் ‘டு’வும் ஒரு எண்ணும் இருந்தால் அளவு: ‘ரன்ஸ் டு 300 பேஜஸ்’ என்றால் 300 பக்கம் நீள்கிறது.

இன்னொரு வகை, ‘ரன்’னுக்குப் பின்னால் நேரடியாக ஒரு பெயரடை வருவது. ‘ரன் ட்ரை’ வற்றிப்போதல், ‘ரன் லோ’ குறைந்துபோதல், ‘ரன் லேட்’ தாமதமாதல், ‘ரன் வைல்ட்’ கட்டுமீறுதல். இவற்றில் ‘ரன்’ என்பது ஏறக்குறைய ‘ஆகு’ என்ற வினைதான்; கனமெல்லாம் பெயரடையில். ஆனால் எந்தப் பெயரடையையும் சேர்த்துவிட முடியாது. பெரும்பாலும் குறைவு, மிகுதி, கட்டுமீறல் ஆகியவற்றோடுதான் இது சேரும். ‘ரன் ஹாப்பி’ என்று யாரும் சொல்வதில்லை.

செயப்படுபொருள் வந்தால்

‘ரன் எ கம்பெனி’, ‘ரன் எ ஸ்கூல்’ என்பவை நடத்துதல். ‘ரன் எ டெஸ்ட்’ சோதனை செய்தல். ‘ரன் அன் ஆட்’, ‘ரன் எ ஸ்டோரி’ என்றால் விளம்பரத்தையோ செய்தியையோ வெளியிடுதல். ‘ரன் எ பாத்’ குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்புதல், குளிப்பது அல்ல. ‘ரன் எ ஃபீவர்’ காய்ச்சல் அடித்தல். ‘ரன் எ ரிஸ்க்’ ஆபத்துக்கு இடம்கொடுத்தல். ‘ரன் அன் எரண்ட்’ வெளிவேலை ஒன்றை முடித்து வருதல். ‘ரன் எ டெஃபிசிட்’ வரவை மிஞ்சிச் செலவு செய்தல்.

இரண்டு, இந்த வரிசையில் ஒட்டாமல் நிற்கின்றன. ‘ரன் எ ரெட் லைட்’ என்றால் சிவப்பு விளக்கை மதிக்காமல் கடந்து போதல். ‘ரன் எ பிளாக்கேட்’ என்றால் முற்றுகையை ஊடுருவிச் செல்லுதல். இவற்றில் செயப்படுபொருளை யாரும் நடத்தவில்லை, அதைத் தாண்டுகிறார்கள். கள்ளக்கடத்தலுக்கு ‘ரன்னிங்’ என்ற பெயர் இந்தக் கிளையை ஒட்டியது. ‘கன் ரன்னிங்’ என்பது ஆயுதக் கடத்தல். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது கடல்வழியாகச் சாராயம் கடத்தியவர்கள் ‘ரம் ரன்னர்’கள்.

கணினித் துறையில் ‘ரன் எ புரோகிராம்’ என்றால், சேமிப்பகத்தில் கிடக்கும் நிரலை நினைவகத்தில் ஏற்றி, அதன் கட்டளைகளைச் செயலி ஒவ்வொன்றாக நிறைவேற்றத் தொடங்குவது. நிரலை நிறுவுவது வேறு, திறந்து படிப்பது வேறு. ‘ரன்டைம் எரர்’ என்ற அறிவிப்பு வந்தால், நிரலில் எழுத்துப்பிழை இல்லை, தொடங்கவும் தொடங்கிவிட்டது, நடுவில் எதிலோ தடுக்கி விழுந்திருக்கிறது என்று பொருள். பூஜ்ஜியத்தால் வகுப்பது, இல்லாத கோப்பைத் தேடுவது போன்றவை வழக்கமான காரணங்கள். பின்னால் ‘ஆன்’ வந்தால் அடித்தளம்: ‘ரன்ஸ் ஆன் ஆண்ட்ராய்டு’ என்றால் ஆண்ட்ராய்டில் இயங்கும், ‘ரன்ஸ் ஆன் டீசல்’ என்றால் டீசலில் ஓடும்.

இடம் மாறினால் தலைகீழ்

அதே சொற்கள், வேறு வரிசை, வேறு பொருள். ஆங்கிலத்தில் சொல்வரிசையே இலக்கணம் என்பது ‘ரன்’னில் தெரிவதுபோல் வேறு சொல்லில் தெரிவது அரிது.

1. ‘ரன் ட்ரை’ என்றால் வற்றிப்போதல். ‘ட்ரை ரன்’ என்றால் உண்மையான பொருளையோ ஆளையோ பயன்படுத்தாமல் நடத்தும் ஒத்திகை.
2. ‘ரன் ஷார்ட்’ என்றால் பற்றாக்குறையாதல். பொருளியலில் ‘ஷார்ட் ரன்’ என்றால் குறுகிய காலம். கிரிக்கெட்டில் அதே ‘ஷார்ட் ரன்’ செல்லாத ஓட்டம்: மட்டையாளர் கோட்டைத் தொடாமலே பாதியில் திரும்பிவிட்டார்.
3. ‘ரன்ஸ் இன் தி ஃபேமிலி’ என்றால் பரம்பரையாக வருவது. நோய், குரல்வளம், முன்கோபம் எதுவானாலும். ‘ஃபேமிலி-ரன்’ என்றால் குடும்பத்தார் நடத்துவது. ‘ஸ்டேட்-ரன்’ அரசு நடத்துவது.
4. ‘ரன் ஓவர்’ வண்டி ஏறுதல். ‘ஓவர்ரன்’ வரம்பு மீறுதல். திட்டச் செலவு ஓவர்ரன் ஆகும். விமானம் ஓடுதளத்தின் முனையைத் தாண்டிப்போனால் அதுவும் ஓவர்ரன்.
5. ‘ரன்வே’ ஓடுதளம், நடுவில் ஓர் உயிரொலி கூடி ‘ரன்அவே’ ஆனால் வீட்டைவிட்டு ஓடியவர், அல்லது கைமீறிப்போன எதுவும். ‘ரன்அவே இன்ஃப்ளேஷன்’ கட்டுக்கடங்காத பணவீக்கம்.

பொருளியலின் ‘ஷார்ட் ரன்’, ‘லாங் ரன்’ பற்றி ஒரு விளக்கம் தேவை. இவை மாதக் கணக்கோ ஆண்டுக் கணக்கோ அல்ல. உற்பத்திக்கு வேண்டியவற்றில் ஏதாவது ஒன்றையாவது மாற்ற முடியாத கால அளவு ‘ஷார்ட் ரன்’. எல்லாவற்றையும் மாற்ற முடிகிற அளவு ‘லாங் ரன்’. ரொட்டி சுடுபவர் நாளைக்கே கூடுதலாக மாவு வாங்கலாம், ஆள் சேர்க்கலாம். ஆனால் இன்னொரு பெரிய அடுப்பு கட்ட மாதங்கள் ஆகும். அடுப்பு தயாராகும் வரை அவருக்கு ‘ஷார்ட் ரன்’. மின்நிலையத்துக்கு அதுவே பல ஆண்டுகளாக நீளும். செய்தியில் ‘நீண்ட காலத்தில் விலை சீராகும்’ என்று ஒரு பொருளியலாளர் சொன்னால், எத்தனை மாதம் என்று கேட்டுப் பயனில்லாததற்கு இதுதான் காரணம்.

வங்கியும் ‘ரன்’னும்

‘ஷி ரன்ஸ் எ பேங்க்’ என்றால் அவர் ஒரு வங்கியை நடத்துகிறார். ‘தேர் வாஸ் எ ரன் ஆன் தி பேங்க்’ என்றால் அந்த வங்கி ஆட்டம் கண்டது. முன்னால் வந்த ‘எ’ வினையைப் பெயராக்கியது, நடுவில் நுழைந்த ‘ஆன்’ பொருளையே புரட்டிவிட்டது.

இதன் பின்னணி எளிது. வங்கி வாங்கும் வைப்புத்தொகையை வாடிக்கையாளர் எந்த நாளும் திரும்பக் கேட்கலாம். அந்தப் பணத்தை வங்கி நீண்டகாலக் கடனாகவும் பத்திரமாகவும் போட்டிருக்கிறது; உடனே திரும்பாது. அன்றாடம் சிலர் எடுப்பார்கள், சிலர் போடுவார்கள் என்ற கணக்கில் ஒரு பகுதி மட்டும் ரொக்கமாக இருக்கும். எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் நல்ல நிலையில் உள்ள வங்கியும் தடுமாறும். அவசரமாகப் பத்திரங்களை விற்றால் நட்டம். நட்டச் செய்தி பரவினால் இன்னும் பலர் வருவார்கள். மற்றவர்கள் எடுப்பார்கள் என்று நினைத்தால் முதலில் எடுப்பவரே புத்திசாலி. ஆகவே வதந்தியே உண்மையை உண்டாக்கிவிடுகிறது. இந்தச் சுழலை 1983இல் கணித மாதிரியாக வடித்த டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக் இருவருக்கும் 2022இல், பென் பெர்னான்கியோடு சேர்த்து, பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் வரிசை நின்றதை உலகமே பார்த்தது. அரசு உத்தரவாதம் தந்த பிறகே அது கலைந்தது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்கப்பட்டது. வரிசை என்று ஒன்று பெரிதாகத் தெரியவே இல்லை, எல்லாம் திரைவழிப் பரிமாற்றம். மறுநாளே வங்கி மூடப்பட்டது. காலால் ஓடாவிட்டாலும் இரண்டுக்கும் பெயர் ‘பேங்க் ரன்’தான். பணம் அல்லாதவற்றுக்கும் இது பொருந்தும். ஏதாவது ஒரு பொருளின் மேல் ‘எ ரன் ஆன்’ என்று வந்தால், தட்டுப்பாடு வரும் என்ற பயத்தில் எல்லோரும் அதை வாங்கிக் குவிக்கிறார்கள்.

தேர்தல் செய்திகளில்

அமெரிக்க வழக்கில் வேட்பாளர் ‘ரன்ஸ் ஃபார்’ பதவி. பிரிட்டிஷ் வழக்கில் ‘ஸ்டாண்ட்ஸ் ஃபார்’. ஒரு நாட்டில் ஓடுகிறார், மறுநாட்டில் நிற்கிறார், செயல் ஒன்றுதான். தமிழில் ‘நிற்கிறார்’ என்பதே நம் வழக்கு. ‘ரன் அகைன்ஸ்ட்’ என்றால் எதிர்த்துப் போட்டியிடுதல். ‘ரன் ஆன்’ என்ற இணைக்குப் பின்னால் கொள்கை வந்தால் அதை முன்வைத்துப் போட்டியிடுதல். ‘ரேன் ஆன் டாக்ஸ் கட்ஸ்’ என்றால் வரிக்குறைப்பு வாக்குறுதியோடு நின்றார். இதே ‘ரன் ஆன்’தான் மேலே டீசலுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது என்பதைக் கவனிக்கவும். ‘ரன்னிங் மேட்’ என்பவர் துணை அதிபர் வேட்பாளர். குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல்.

அதிகம் குழப்புபவை ‘ரன்-ஆஃப்’, ‘ரீ-ரன்’ இரண்டும். ‘ரன்-ஆஃப்’ என்பது விதியிலேயே உள்ள இரண்டாம் சுற்று. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முன்னணி இருவர் மட்டும் மோதுவார்கள். பிரான்சின் அதிபர் தேர்தல் இப்படித்தான். ‘ரீ-ரன்’ என்பது நடந்த வாக்குப்பதிவு செல்லாது என்று மறுபடி நடத்துவது. ஒன்று திட்டமிட்ட அடுத்த கட்டம், மற்றது பழுதுபார்ப்பு. 2016இல் ஆஸ்திரியாவில் இரண்டும் ஒரே அதிபர் தேர்தலில் நடந்தன:

1. ஏப்ரல் 24: முதல் சுற்று. யாருக்கும் பாதி கிடைக்கவில்லை.
2. மே 22: ரன்-ஆஃப். அலெக்சாண்டர் ஃபான் டெர் பெல்லன் ஏறத்தாழ 31,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.
3. ஜூலை 1: அஞ்சல் வாக்குகளைக் கையாண்டதில் விதிமீறல் என்று அரசியல் சாசன நீதிமன்றம் முடிவை ரத்து செய்தது.
4. அக்டோபர் 2: ரீ-ரன் நடந்திருக்க வேண்டிய நாள். அஞ்சல் வாக்கு உறைகளின் பசை ஒட்டாததால் தள்ளிப்போனது.
5. டிசம்பர் 4: ரன்-ஆஃபின் ரீ-ரன். அவரே மறுபடி வென்றார்.

‘ரன்ஆஃப்’ என்பது வேளாண், சுற்றுச்சூழல் செய்தியில் வந்தால் வாக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. மண் உறிஞ்சாமல் மேலாக வழிந்தோடும் மழைநீர் அது. கூடவே உரத்தையும் பூச்சிமருந்தையும் ஏரிக்குக் கொண்டுபோவதால்தான் செய்தியாகிறது.

கிரிக்கெட்டும் கணக்கும்

கிரிக்கெட்டில் ‘ரன்’ ஓட்டத்தின் அலகு. இரு மட்டையாளர்களும் ஒருவரையொருவர் கடந்து எதிர்முனையைத் தொட்டால் ஒன்று. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஓடாமலே 4 அல்லது 6 ரன். ‘ஹி வாஸ் ரன் அவுட்’ என்றால் அவர் ஆட்டமிழந்தார். ‘ஹி ரேன் அவுட்’ என்றால் அவர் வெளியே ஓடினார். ‘வாஸ்’ நுழைந்து ‘ரேன்’ என்பது ‘ரன்’ ஆவதுதான் வித்தியாசம். பந்து வீசும் முன்பே கோட்டைவிட்டு நகரும் மறுமுனை மட்டையாளரைப் பந்துவீச்சாளர் ஆட்டமிழக்கச் செய்வது, ஆட்ட விதிகளில் ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற 41ஆம் விதியின் கீழ் இருந்தது. 2022 அக்டோபரிலிருந்து அது ‘ரன் அவுட்’ என்ற 38ஆம் விதிக்கு மாறியது. ‘இது நியாயமா’ என்ற சண்டை மட்டும் ஓயவில்லை.

‘நெட் ரன் ரேட்’ என்ற நிகர ரன் விகிதக் கணக்கில் ஒவ்வொரு போட்டித் தொடரிலும் தவறு நடக்கிறது. சூத்திரம்: ஓர் அணி எடுத்த மொத்த ரன் ÷ சந்தித்த மொத்த ஓவர், கழித்தல், அந்த அணி விட்டுக்கொடுத்த மொத்த ரன் ÷ வீசிய மொத்த ஓவர். தடுக்கும் இடங்கள் மூன்று:

1. ஓவரின் புள்ளி தசமப் புள்ளி அல்ல. 40.3 என்றால் 40 ஓவரும் 3 பந்தும், அதாவது 40.5. அத்தனை ஓவரில் 162 ரன் எடுத்தால் விகிதம் 4.00. அப்படியே 40.3ஆல் வகுத்தால் 4.02 வரும், தவறு.
2. அனைவரும் ஆட்டமிழந்தால், ஆடிய ஓவர் கணக்கில்லை. முழு ஒதுக்கீடும் கணக்கு. ஓர் அணி 50 ஓவரில் 250. எதிரணி 40 ஓவரில் 200க்கு ஆல் அவுட். 200ஐ 50ஆல் வகுக்க வேண்டும்: 4.00. நிகர விகிதம் 5.00 − 4.00 = +1.00. 40ஆல் வகுத்தால் 5.00 ஆகி, 50 ரன்னில் வென்ற அணியின் நிகர விகிதம் பூஜ்ஜியம் என்று வரும்.
3. தொடர் முழுவதற்கும் கணக்கிடும்போது, ஒவ்வொரு ஆட்டத்தின் விகிதத்தையும் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. மொத்த ரன்னை மொத்த ஓவரால் வகுக்க வேண்டும்.

‘ரன் ரேட்’ வணிகச் செய்தியில் வந்தால் வேறு. ஒரு மாத வருவாயை 12ஆல் பெருக்கி ஆண்டுக் கணக்காகக் காட்டுவது அது. மாதம் 10 லட்சம் டாலர் விற்ற நிறுவனம் ‘1.2 கோடி டாலர் ரன் ரேட்’ என்று அறிவிக்கும். பண்டிகை மாதத்தை எடுத்துப் பெருக்கினால் எண் ஊதிவிடும். அது ஈட்டிய வருவாய் அல்ல, அனுமானம். அதே உலகில் ‘ரன்வே’ என்றால் கையிருப்புப் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்பது. கையிருப்பை, மாதந்தோறும் வரவைவிடக் கூடுதலாகச் செலவாகும் தொகையால் வகுத்தால் விடை.

ஒட்டுச்சொற்கள்: பொருளும் இடமும்

‘ரன் அவுட்’டில் எழுவாயைப் பார்க்க வேண்டும். பொருள் எழுவாயானால் ‘தி மில்க் ரேன் அவுட்’, அவ்வளவுதான். ஆள் எழுவாயானால் ‘ஆவ்’ கட்டாயம்: ‘வி ரேன் அவுட் ஆவ் மில்க்’. ‘தி மில்க் இஸ் ரன் அவுட்’ என்பது பால் ஆட்டமிழந்ததாக ஒலிக்கும்.

‘ரன் இன்டு’வுக்கு மூன்று வேலை. ஆளோடு வந்தால் எதிர்பாராமல் சந்தித்தல். சுவர், மரம் போன்றவற்றோடு வந்தால் மோதுதல். ‘மில்லியன்ஸ்’ போன்ற எண்ணோடு வந்தால் அந்த அளவை எட்டுதல்.

‘ரன் டவுன்’ கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பேட்டரி ஆற்றல் இழத்தல், வண்டி இடித்துத் தள்ளுதல், ஒருவரை மட்டம்தட்டிப் பேசுதல், தேடிக் கண்டுபிடித்தல் என நான்கும் உண்டு. பெயரடையாக ‘ரன்-டவுன்’ பாழடைந்த கட்டடத்தையும் களைத்துப்போன ஆளையும் குறிக்கும். சேர்த்தெழுதிய ‘ரன்டவுன்’ என்ற பெயர்ச்சொல் மட்டும் முற்றிலும் வேறு: நிலவரச் சுருக்கம்.

‘ரன் த்ரூ’ ஒருமுறை வேகமாகப் பார்த்தல் அல்லது ஒத்திகை. ‘ரன் இட் பை’ என்றால் ஒரு யோசனையைச் சொல்லி ஒருவரின் கருத்தைக் கேட்டல். ‘ரன் அப்’ கடனோடு வந்தால் ஏற்றிக்கொள்ளுதல்.

எங்கே வைப்பது என்பதும் பொருளைப் போலவே முக்கியம். ‘அவரை’, ‘அதை’ போன்ற சுட்டுச்சொல் செயப்படுபொருளானால்:

1. வண்டி ஏறியது என்ற பொருளில் நடுவில் வரலாம்: ‘தி டிரக் ரேன் ஹிம் ஓவர்’. ‘டவுன்’, ‘அப்’ ஆகியவற்றுக்கும் நடுவேதான் இடம்: ‘ரேன் இட் அப்’.
2. ‘இன்டு’, ‘அக்ராஸ்’ இரண்டும் பிரியாது. ‘ஐ ரேன் இன்டு ஹிம்’ மட்டுமே சரி. ‘ஐ ரேன் ஹிம் இன்டு’ கிடையாது.
3. ‘பை’ எப்போதும் பிரிந்தே நிற்கும்: ‘ஐ வில் ரன் இட் பை ஹெர்’.

எழுதும்போது வரும் சில்லறைப் பிழைகள்

மூன்று வடிவங்கள் ரன், ரேன், ரன். ‘ஹேவ்’, ‘ஹேட்’, ‘வாஸ்’ ஆகியவற்றுக்குப் பின் முதலும் மூன்றாவதுமான ‘ரன்’தான் வரும், ‘ஹேட் ரேன்’ பிழை. மூக்கு ஒழுகுவதைப் பெயரடையாகச் சொல்ல ‘ரன்னி நோஸ்’; நம்மவர்கள் எழுதும் ‘ரன்னிங் நோஸ்’ புரியும், ஆனால் பொதுவழக்கு அதுவல்ல. ‘ஃபைவ் டேஸ் ரன்னிங்’ என்று நாளுக்குப் பின்னால் வந்தால் ‘தொடர்ந்து ஐந்து நாள்’ என்று பொருள். முன்னால் போட முடியாது. ‘தி’ சேர்த்து, பன்மையில், ‘ஹி ஹேஸ் தி ரன்ஸ்’ என்று சொன்னால் வயிற்றுப்போக்கு. மட்டையாளரைப் பற்றிப் பேசும்போது அந்த ‘தி’யில் கவனம் வேண்டும்.

‘ரன்-ஆன் சென்டென்ஸ்’ என்று ஆசிரியர் குறித்துக் கொடுத்தால், வாக்கியம் நீளம் என்று நினைத்துப் பலர் அதை வெட்டிச் சுருக்குகிறார்கள். குறை நீளத்தில் இல்லை. தனித்தனியே நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்கள் நடுவில் முற்றுப்புள்ளியோ இணைப்புச் சொல்லோ இல்லாமல் ஒட்டிக்கிடப்பதே பிழை. நான்கு சொல்லிலும் அது நடக்கலாம்: ‘இட் ரெயின்ட் வி லெஃப்ட்’. அரைப்புள்ளி ஒன்று போட்டாலோ, நடுவில் ‘ஸோ’ என்று சேர்த்தாலோ சரியாகிவிடும். வெறும் காற்புள்ளி போதாது. தமிழில் காற்புள்ளி போட்டு வாக்கியங்களை அடுக்குவது இயல்பாகத் தெரிவதால், இந்தக் கடைசிப் பிழை நம் ஆங்கிலத்தில் கண்ணில் படாமலே தங்கிவிடுகிறது.